சமாதானத்துக்குக் குழாய் கட்டினேன்

மைக்செட் தொழிலுக்கு ஒரே விதிதான்: ஊரில் என்ன சண்டை வந்தாலும் முதல் அடி டியூப்லைட்டுக்கு, இரண்டாவது அடி ஆம்ப்ளிஃபயருக்கு, அப்புறம்தான் மனுஷனுக்கு.

இந்தத் தொழிலில் காதைத் தொலைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. கடை தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். காலம், எமர்ஜென்சிக்குக் கொஞ்சம் முந்தி. அப்போது என்னிடம் இருந்தது ஒரு புது வால்வு ஆம்ப்ளிஃபயர். பழையது மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் கிணற்றுக்குள் போய்விட்டது. யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது என்று தகராறு. பரிவட்டம் கட்டினவர் பூசாரி. கிணற்றில் விழுந்தது என் ஆம்ப்ளிஃபயர்.

என் மச்சினன் சண்முகம் எண்ணெய்க்கடை வைத்திருந்தான். நான் புது செட்டை வாங்கிக் கொண்டுவந்த அன்றைக்கே அவன் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டான். போகிறபோதும் வருகிறபோதும் அதைக் காட்டுவான். என் வீட்டுக்காரியும் அவன் கட்சி. அவன் சொல்வது இதுதான்: "இதுவும் கிணத்துக்குள்ள போச்சுன்னா நேரா இங்க வந்து உக்காந்துருங்க மாமா. எண்ணெய் அளந்து ஊத்த ஆம்ப்ளிஃபயர் வேணாம்."

நல்லதா, கெட்டதா

ஒரு நாள் காலை கடைக்கு ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே நீளத்துக்கு முடி. கழுத்தில் பாசிமணி. காலில் செருப்பு இல்லை. கூட ஒரு தம்பி வந்தார், காலேஜில் இங்கிலீஷ் டூட்டராம். பேர் தாமோதரன். கால்சட்டையின் அடிப்பாகம் மட்டும் ஒரு பாவாடை அகலம். இவர்கள் ஹிப்பிகள், உலக சமாதானத்துக்காகக் கச்சேரி வைக்கிறார்கள், அழகர்கோவில் பக்கம் கடலை பிடுங்கின காடு ஒன்று கிடைத்திருக்கிறது, மைக்செட் வேண்டும் என்றார். அமெரிக்காவில் இந்த மாதிரி ஒரு கச்சேரி நடந்ததாம். வுட்ஸ்டாக் என்றார். ஒரு பால்பண்ணைக்காரர் வயலில் மூன்று நாள் பாட்டு. லட்சக்கணக்கில் சனம். மழை கொட்டி எல்லாரும் சேற்றில் கிடந்தார்களாம், ஒரு அடிதடி இல்லையாம். கூட்டத்தில் நெட்டையாக நின்ற டேவிட் என்கிறவர் அந்தச் சேற்றில் கிடந்தவராம்.

அம்புட்டுப் பேருக்கும் மைக்செட் கட்டினது யார் என்று கேட்டேன். டூட்டர் டேவிட்டைக் கேட்டார். டேவிட்டுக்குத் தெரியவில்லை. பாடினவன் பேரெல்லாம் சொன்னார், பால்பண்ணைக்காரர் பேர்கூடச் சொன்னார். நம் தொழில் அமெரிக்காவிலும் இப்படித்தான் என்று தெரிந்துகொண்டேன்.

எனக்கு அடிதடி இல்லை என்ற சொல்தான் பிடித்தது. ஒத்துக்கொண்டேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: நல்லதா, கெட்டதா? கல்யாணம், காதுகுத்து என்றால் ஒரு மாதிரி ரெக்கார்டு, இழவு என்றால் வேறு மாதிரி. கலந்துவிட்டால் உதைப்பார்கள். டூட்டர் இதை மொழிபெயர்த்ததும் டேவிட் கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தார். சண்டைகளில் மனுஷர்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள், அதற்காகத்தான் பாடுகிறோம் என்றார். என் ஆபரேட்டர் மாயாண்டி மூலையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்ப கெட்டதுதாண்ணே. சோகத் தட்டெல்லாம் எடுத்து வக்கிறேன்."

கோரிக்கை என்ன

மைக் கட்டப் போலீஸ் அனுமதி வேண்டும். டூட்டரையும் டேவிட்டையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு டேவிட்டின் முடியைத்தான் முதலில் பார்த்தார். எந்தக் கட்சி என்றார். கட்சி இல்லை. எந்தச் சாமி என்றார். சாமியும் இல்லை. அப்படியானால் கோரிக்கை என்ன என்றார். டூட்டர் நெஞ்சை நிமிர்த்தி, சமாதானம் என்றார்.

ஏட்டையாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. இருபது வருஷமாக அந்த ஸ்டேஷனில் அவர் பார்த்த வேலையே அதுதான். வரப்புத் தகராறு, பங்காளித் தகராறு, கோழி திருட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி எழுதி வாங்கி அனுப்புவார். அனுமதியில் முத்திரை குத்தினார். குத்தின பிறகு டேவிட்டைப் பார்த்து அன்பாகச் சொன்னார்.

"இதுக்கு எதுக்கய்யா வெயில்ல கச்சேரி? சண்டை போட்ட ரெண்டு பார்ட்டியையும் கூட்டிட்டு வரச் சொல்லு. ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்."

வராதவனுக்குத்தான் குழாய்

காட்டில் கரண்டு இருந்த ஒரே இடம் பம்ப்செட் ரூம். பம்ப்செட் ரூம் எங்கே இருக்கும்? கிணற்றின் விளிம்பில். ஆம்ப்ளிஃபயரை அங்கேதான் வைத்தாக வேண்டும். எட்டிப் பார்த்தேன். நல்ல ஆழம். தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. எனக்குச் சண்முகத்தின் ஸ்டூல் ஞாபகம் வந்தது. சமாதானக் கச்சேரிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மாயாண்டி புளியமரத்தில் ஏறி நாலு ஒலிபெருக்கிக் குழாயையும் நாலு பக்கம் பார்த்துக் கட்டினான். ஒன்று அடுத்த ஊரைப் பார்த்து, ஒன்று அதற்கும் அடுத்த ஊரைப் பார்த்து, இப்படி. டேவிட் கீழே நின்று கையை ஆட்டினார். குழாய்களை ஆட்கள் உட்காரும் பக்கம் திருப்ப வேண்டுமாம். வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. வந்து உட்கார்ந்துவிட்டவனுக்குப் பாட்டு தானாகக் கேட்கும். டூட்டரிடம் சொன்னால் அவருக்கும் புரியவில்லை. மரத்தின் மேலிருந்து மாயாண்டிதான் சொன்னான், வந்தவனுக்கு எதுக்குக் குழாய், வராதவனுக்குத்தான் குழாய் என்று. டூட்டர் அதை இங்கிலீஷில் சொன்னதும் டேவிட் தரையில் உட்கார்ந்துவிட்டார். சமாதானமும் அப்படித்தான், வராதவனுக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும் என்றாராம். கண்ணில் தண்ணீர். மாயாண்டிக்கு ஒரு பாசிமணி மாலை கிடைத்தது. எனக்கு எரிச்சல் வந்தது.

ஆனாலும் வாடிக்கைக்காரர் கேட்டதை விடக்கூடாது. ஐந்தாவதாக ஒரு குழாயைக் கிணற்றடித் தென்னையில் தாழ்வாகக் கட்டி மேடைப் பக்கம் திருப்பினேன். மைக்கைக் கையில் எடுத்து ஹலோ சொன்னேன். அவ்வளவுதான். குழாயில் போன சத்தம் திரும்ப மைக்குக்குள் வந்து, அது மறுபடி குழாய்க்குப் போய், ஒரு கூ கிளம்பியது பாருங்கள். நம்மவர்களுக்குத் தெரியும் அந்தக் கூ. கல்யாண வீட்டில் அது வந்தால் தாய்மாமனே அடிக்க வருவான். அதை ஒழிக்கத்தான் ஆயுசில் பாதியைச் செலவழித்தேன். சட்டென்று ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டுகிற குமிழைத் திருகி அடக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினேன். ஹிப்பிகள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். டூட்டர் ஓடிவந்தார்.

"அண்ணே, அமெரிக்காவுல கிடார் வாசிக்கிற பெரிய பெரிய ஆளுக இந்தச் சத்தத்தைத்தான் போடுவாகளாம். நீங்க எங்க படிச்சீங்கன்னு கேக்குறாரு."

அம்புட்டு முடி

மத்தியானத்திலிருந்தே சனம் வரத் தொடங்கியது. பாய், கூஜா, அவித்த கடலை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாடகம் என்று நினைத்து வந்தவர்கள் பாதி. மீதிப் பேர் மாயாண்டி போட்ட சோகத் தட்டைக் கேட்டு, யார் செத்தது என்று விசாரிக்க வந்தவர்கள். ஒரு அம்மாள் ஒப்பாரிக்குத் தயாராக மாரில் கைவைத்தபடி மேடைக்கு முன்னால் வந்து, டேவிட் உயிரோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, வந்தது வந்தோம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

முன் வரிசையில் கோவில் பக்கம் மொட்டை எடுக்கிற சோணைமுத்து உட்கார்ந்திருந்தார், தகரப்பெட்டியோடு. இந்த மாதிரி முடி வளர்த்து ஒரு கூட்டம் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவன் முடி வளர்த்தால் அது நேர்த்திக்கடன். முடி வளர்த்தவன் கோவிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மொட்டைதான், இதில் கேட்க என்ன இருக்கிறது? சோணைமுத்து கேட்கவும் இல்லை. மேடைக்குப் பின்னால் டோலக்கு அடிக்கிற ஹிப்பிப் பையன் மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தான். எழுப்பி உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார். வெயிலுக்குச் சுகமாக இருந்திருக்கும், அவனும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தாடியையும் சேர்த்து எடுத்து, சந்தனம் பூசித்தான் அனுப்பினார். அவனோடு வந்த பெண் அவனைத் தாண்டிப் போய் அவனையே தேடினாள். சோணைமுத்து நேராக என்னிடம் வந்தார்.

"ஒரு தலை முடிஞ்சிருச்சுண்ணே. மத்த தலையெல்லாம் வரிசையா வரணும்னு மைக்குல சொல்லிருங்க."

முதல் துண்டு

கச்சேரி ஆரம்பித்தது. டேவிட் கிடார் வாசித்துப் பாடினார். மற்றவர்கள் கண்ணை மூடி ஆடினார்கள். பாட்டு முடிகிற மாதிரி இருக்கும், முடியாது. சனம் பொறுமையாகக் கடலை தின்றது. எனக்கு நிம்மதி. அடிதடி வருகிற பாட்டாகத் தெரியவில்லை.

அப்போது அந்தக் காடு இருந்த ஊரின் வடக்குத் தெருப் பெரியவர் வீரணன் அம்பலம் எழுந்தார். அம்பலம் என்றால் ஊர்த்தலைவர், அந்த ஊரில் இரண்டு அம்பலம். வடக்குத் தெருவுக்கு வீரணன், தெற்குத் தெருவுக்குப் பெரியகருப்பன். எந்தக் காரியத்திலும் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தீராத வழக்கு. வீரணன் அம்பலம் மேடையில் ஏறி, பாட்டின் நடுவில், டேவிட் கழுத்தில் ஒரு ஜரிகைத் துண்டைப் போட்டார். போட்டுவிட்டு இறங்கவில்லை. என் பக்கம் திரும்பி நின்றார். துண்டு போட்டால் மைக்கில் பேர் சொல்ல வேண்டும், அது முறை. சொன்னால் அவர்தான் முதல் ஆள். சொல்லாவிட்டால் கிணறு. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அறிவிப்புக்கு வைத்திருந்த மைக் கெட்டுப்போன மாதிரி அதைத் தட்டிக்கொண்டே நின்றேன்.

அதற்குள் பெரியகருப்பன் அம்பலம் இன்னொரு துண்டோடு ஏறி அதையும் டேவிட் கழுத்தில் போட்டுவிட்டார். கடலைக் காடு தெற்குத் தெருக்காரனுடையது, அவன் மண்ணில் முதல் துண்டு போட வடக்குத் தெரு யார் என்று கேட்டார். வீரணன் பதில் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். டேவிட் இன்னும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார், கழுத்தில் இரண்டு துண்டு. மேடைப் பக்கம் டியூப்லைட் உடையும் சத்தம் கேட்டது. விதிப்படி அடுத்தது என்னுடையது. செட்டைத் தூக்குங்கடா என்று ஒரு குரல் வந்தது. நான் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வால்வு செட், அடுப்பு மாதிரி கொதிக்கும். வயிற்றில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. நாலு பேர் வந்தார்கள். என்னோடு சேர்த்தே தூக்கினார்கள். இரண்டு அடி எடுத்து வைத்திருப்பார்கள், கிணற்றுத் தண்ணீரில் என் முகமே எனக்குத் தெரிந்தது. மாயாண்டி புளியமரத்தில் ஏறிக்கொண்டான். அங்கிருந்து ஒரு ஆறுதல் சொன்னான்.

"அண்ணே, கைய விட்டுராதீங்க. வயரு எம்புட்டு நீளம் இருக்கோ அதுவரைக்கும் தொங்கலாம்."

பேரைச் சொல்லு

டேவிட் இப்போதுதான் கண்ணைத் திறந்தார். டூட்டர் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பெரியவர்களுக்குத் துண்டினால் தகராறு என்று மட்டும்தான் சொல்லியிருக்க வேண்டும். ஹிப்பிகள் சோறானாலும் சட்டையானாலும் பங்குபோட்டுக் கொள்கிறவர்கள். டேவிட் என்ன நினைத்தாரோ, கழுத்தில் இருந்த இரண்டு துண்டையும் எடுத்து, வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று பிடித்து, ஒரே வீச்சில் இரண்டு அம்பலத்தின் தோளிலும் போட்டார். வீரணன் துண்டு பெரியகருப்பனுக்கு, பெரியகருப்பன் துண்டு வீரணனுக்கு. போட்டுவிட்டு இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் நெட்டை. இரண்டு அம்பலமும் அவர் அக்குளுக்குள் போய்விட்டார்கள்.

சனம் அடங்கிவிட்டது. ஏனென்றால் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அம்பலக்காரர்கள் அக்குளிலிருந்து வெளியே வந்து துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். முறைக்க நினைத்து முறைக்க முடியாமல் நின்றார்கள். என்னைத் தூக்கினவர்கள் கீழே வைத்தார்கள். கிணற்றின் விளிம்பில்தான், இருந்தாலும் கீழே வைத்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். மரியாதை வாங்கினாலும் பேர் சொல்ல வேண்டுமே. துண்டை இரண்டு கையால் போடலாம், பேரை இரண்டு வாயால் சொல்ல முடியுமா? இரண்டு தெருவும் ஒன்றாக என் பக்கம் திரும்பியது. வீரணன் அம்பலம் பேரைச் சொல் என்றார். பெரியகருப்பன் அம்பலம் அதட்டவில்லை, ரொம்ப நிதானமாகச் சொன்னார்.

"பாத்துச் சொல்லு மைக்செட்டு. நீ நிக்கிற எடம் அப்படி."

கூ

மைக்கை எடுத்தேன். தொண்டையைச் செருமி, இப்போது நம் கச்சேரியில் மரியாதை பெற்ற பெரியவர்கள் என்று ஆரம்பித்தேன். பெரியவர்கள் என்ற சொல் வரைக்கும் யாரும் அடிக்க முடியாது. அடுத்த சொல்லில்தான் என் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. எதிரே தென்னையில் ஐந்தாவது குழாய் என்னைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

மைக்கை அதன் வாய்க்கு நேராக நீட்டினேன். இன்னொரு கையால் குமிழை முழுசாகத் திருகினேன். எழுந்தது கூ. அந்த மாதிரி ஒரு கூவை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. புளியமரத்து வௌவால் மொத்தமும் கிளம்பியது. மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. மாயாண்டி மரத்திலிருந்து விழுந்தான், அடி இல்லை. கூவுக்குள் நான் வாயை அசைத்துக்கொண்டே இருந்தேன். என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? வாய் அசைய ஏதாவது வேண்டுமே. எண்ணெய்க்கடை சண்முகம், எண்ணெய்க்கடை சண்முகம் என்று இரண்டு தடவை சொன்னேன். சொல்லி முடித்துக் குமிழை அடக்கி, நன்றி வணக்கம் என்றேன். அது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. உடனே டேவிட் வெறி பிடித்த மாதிரி கிடாரை எடுத்து அந்தக் கூவின் சுருதியிலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டார். சனமும் முதல் தடவையாகக் கை தட்டியது.

வீரணன் அம்பலம் இறங்கிவந்து, தன் பேரை முதலில் சொன்னதற்காக என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் போகிறவரைக்கும் பொறுத்திருந்து பெரியகருப்பன் அம்பலம் கிட்டே வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"எம் பேரை முதல்ல சொன்னது சரி. அதுக்காக வீரணன் பேரை அம்புட்டு மெதுவாவா சொல்றது? பாவம்யா."

ஸ்டூல்

ஹிப்பிகள் மறுநாள் கொடைக்கானல் போய்விட்டார்கள். போகும்போது டேவிட் என்னையும் அணைத்தார். குளித்து நாளாகியிருந்தது. லட்சம் பேர் கூடின அந்தக் கச்சேரியில்கூட இப்படி ஒரு சமாதானத்தைப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னதாக டூட்டர் சொன்னார். அந்தக் கூவோடு என் இடது காது போய்விட்டது, அவரை வலது பக்கம் வரவைத்து இன்னொரு தடவை சொல்லச் சொல்லித்தான் கேட்டுக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

பங்குனி பிறக்கும் முன்னே அந்த ஊரிலிருந்து திருவிழாவுக்கு மைக்செட் பேச ஆள் வந்தது. வடக்குத் தெருவிலிருந்து இரண்டு பேர், தெற்குத் தெருவிலிருந்து இரண்டு பேர், ஒரே மாட்டுவண்டியில். அந்த நேரம் நான் சண்முகத்தின் கடையில் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டுதான். அந்த ஸ்டூலில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. என்ன ரெக்கார்டு வேண்டும், எத்தனை டியூப்லைட் என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். அதெல்லாம் என் இஷ்டம் என்றார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதானாம். சொல்ல வெட்கப்பட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அவர் சொன்னதைக் கேட்ட சண்முகம் ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய் அதன் மேல் புண்ணாக்கு மூட்டையை வைத்தான்.

"குழாய் எத்தனை வேணும்னாலும் கட்டுங்கண்ணே. மரியாதைக்குப் பேர் சொல்றப்ப மட்டும் அந்தக் கூ கண்டிப்பா வேணும்."

லட்சம் பேர் சேற்றில் கிடந்து தேடின சமாதானம் எங்கள் பக்கத்தில் குமிழை முழுசாகத் திருகினால் வந்துவிடுகிறது, என்ன, அது வந்ததை அப்புறம் காதால் கேட்க முடியாது.